எந்த மணியின் வெயில்?

ஐப்பசி நடுவில், நவம்பர் 3-ஆம் தேதி, கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பில் சூரியன் உதிப்பது காலை 6.04 மணி வாக்கில். தை முடியப்போகும் பிப்ரவரி 11-ஆம் தேதி 6.34 வாக்கில். இந்த இரண்டு நாளிலும் வானத்தில் சூரியன் போகும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு நாளிலும் அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே 14, 15 டிகிரியில் நிற்கிறது. உச்சியில் எட்டும் உயரமும் பகலின் நீளமும் கிட்டத்தட்ட சமம். ஆனாலும் உதயத்தில் அரை மணி நேரம் வித்தியாசம். மத்தியானமும் அப்படியே தள்ளிப் போகிறது. ஐப்பசியில் சூரியன் உச்சிக்கு வருவது 11.55-க்கு, தையில் 12.26-க்கு.

வயலில் நிற்பவருக்கு இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. கணினியில் வரைபட மென்பொருளைத் திறந்து, "காலை 7 மணி முதல் 8 மணி வரை இந்த இடத்தில் எவ்வளவு வெயில்?" என்று கேட்பவருக்கு மட்டும் இது பெரிய விஷயம். மொட்டை மாடியில் சோலார் பலகை வைப்பவர், சோலார் பம்புசெட்டுக்குக் கணக்குப் போடுபவர், புவியியல் படிக்கும் மாணவர் என்று இன்று பலரும் இப்படி மணிவாரி வெயில் வரைபடம் எடுக்கிறார்கள். ஆர்க்ஜிஐஎஸ் மென்பொருளில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் கிராஸ் மென்பொருளில் 'ஆர்.சன்' இருக்கிறது. நிலத்தின் உயர வரைபடத்தைக் கொடுத்து, தேதியைச் சொன்னால் போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண், ஒவ்வொரு மணிக்கும் ஒரு படம் வந்து விழும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. படத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டால் 415 என்று காட்டுகிறது. அது என்ன 415? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாலு விஷயம் தெரிய வேண்டும்: எந்த அலகு, எந்தக் கடிகாரம், எந்த வானம், எந்த நிலம். நாலில் ஒன்று தவறினாலும் எண் அழகாகவே இருக்கும், அர்த்தம் மாறிப் போயிருக்கும்.

வேகமும் தொகையும்

முதலில் அலகு. வெயில் ஒரு நொடியில் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதைச் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று சொல்கிறோம். ஒரு மணி நேரம் விழுந்து எவ்வளவு சேர்ந்தது என்பதை வாட்-மணியில் சொல்கிறோம். நம் வீட்டு மின் கட்டண அட்டையில் 'யூனிட்' என்று வருவது ஆயிரம் வாட்-மணி. நூறு வாட் பல்பு பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். வெயிலுக்கும் அதே கணக்குதான்.

ஆர்க்ஜிஐஎஸ் கருவி கொடுப்பது தொகை, அதாவது வாட்-மணி. ஆர்.சன் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒரு குறிப்பிட்ட நேரத்தைக் கொடுத்தால் அந்தக் கணத்தின் வேகத்தை வாட்டில் சொல்கிறது. நேரம் கொடுக்காவிட்டால் முழு நாளின் தொகையை வாட்-மணியில் சொல்கிறது. ஒருவர் ஒன்றில் எடுத்த எண்ணையும் இன்னொருவர் மற்றதில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் குழப்பம் நிச்சயம்.

இடைவெளி சரியாக ஒரு மணி நேரமாக இருந்தால் பிழைத்தோம். அந்த மணியின் சராசரி 830 வாட் என்றால் சேர்ந்த தொகையும் 830 வாட்-மணி. எண் ஒன்றே. ஆனால் ஆர்க்ஜிஐஎஸ் கருவியில் நாமாக மாற்றாவிட்டால் இடைவெளி அரை மணி நேரம். அதே 830 வாட் வெயில், அரை மணி நேரத்தில் 415 வாட்-மணிதான் சேர்த்திருக்கும். அதைப் பார்த்து 'மத்தியானத்திலேயே 415 வாட்தானா, இந்த ஊரில் வெயில் குறைவு போலிருக்கிறது' என்று முடிவு கட்டினால், தவறு வெயிலுடையது இல்லை. அரை மணித் தொகையை இரண்டால் பெருக்கினால்தான் வாட் வரும்.

அடுக்குகளின் வரிசையிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஒரு நாளை 0 மணியிலிருந்து 24 மணி வரை, ஒரு மணி இடைவெளியில் கேட்டால் 24 அடுக்குகள் வரும். முதல் அடுக்கு 0 முதல் 1 மணி வரை. ஆகவே எட்டாவது அடுக்கு என்பது 7 முதல் 8 வரை. 'எட்டாவது அடுக்கு எட்டு மணி' என்று வாசித்தால் ஒரு மணி நேரம் தப்பு. ஒரு நாளுக்குப் பதிலாகப் பல நாட்களைக் கேட்டிருந்தால் அடுக்குகளின் பொருளே வேறு. அப்போது ஒவ்வொரு அடுக்கும் ஒரு நாள்-இடைவெளி, வழக்கமாக 14 நாள். மணிகள் எல்லாம் உள்ளே ஒன்றாகக் கூட்டப்பட்டிருக்கும்.

மிர்சாபூர் கடிகாரம்

இனி நேரம். நம் கையிலும் சுவரிலும் ஓடும் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பக்கம் போகிறது. 1906-இல் இந்திய நியம நேரமாக வந்து, இன்று அதுதான் எல்லோருக்கும் பொது. அதற்கு முன்பு இந்திய ரயில்வே அட்டவணைகள் மெட்ராஸ் நேரத்தைப் பின்பற்றின. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தீர்க்கரேகையை வைத்து வகுத்த நேரம் அது. மெட்ராஸ் நேரம் நீடித்திருந்தால் சேத்தியாத்தோப்புக்கு மூன்று நிமிட வித்தியாசம்தான் இருந்திருக்கும். இப்போது அப்படியில்லை. ஊர் ஏறக்குறைய 79½ டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம், மிர்சாபூருக்கு உச்சியில் சூரியன் வந்து 12 நிமிடம் கழித்துத்தான் சேத்தியாத்தோப்புக்கு வருகிறது.

இதற்கு மேல் சூரியனே வருடம் முழுக்க ஒரே சீராக நடப்பதில்லை. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சோ சாய்ந்தது. இந்த இரண்டும் சேர்ந்து, நவம்பர் தொடக்கத்தில் சூரியன் கடிகாரத்தைவிட 16 நிமிடம் முந்துகிறது, பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்துகிறது. வானியலில் இதற்குக் கால சமன்பாடு என்று பெயர். ஊரின் 12 நிமிடத்தோடு இதைச் சேர்த்தால்தான் ஐப்பசியில் 11.55-உம் தையில் 12.26-உம் வருகிறது.

ஆர்க்ஜிஐஎஸ் கருவியும், தனியாக மாற்றிச் சொல்லாத வரை ஆர்.சன்னும், கணக்குப் போடுவது சூரிய நேரத்தில். அங்கே சூரியன் உச்சிக்கு வரும் கணம்தான் 12 மணி, வருடம் முழுக்க. இதைக் கவனிக்காமல் பிப்ரவரி 11 காலை 7 மணிக்கான எண்ணை எடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். சேத்தியாத்தோப்பில் கடிகாரம் 7 காட்டும்போது சூரிய நேரம் 6.34. சூரியன் அடிவானத்திலிருந்து 5 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. மென்பொருளின் 7 மணியிலோ அது 11 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. உயரம் இரண்டு மடங்கு. தரையில் விழும் நேரடி வெயில் அதைவிடவும் பல மடங்கு கூடியிருக்கும், ஏனென்றால் அந்த உயரத்தில் கதிர் கடக்க வேண்டிய காற்றின் தடிமனும் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

மத்தியானத்தில் இந்தத் தவறு தெரியவே தெரியாது. உச்சியை ஒட்டி அரை மணி முன்னே பின்னே போனாலும் வெயில் அதிகம் மாறாது. அதனால்தான் பலர் நாள் மொத்தத்தை மட்டும் பார்த்து 'சரியாகத்தான் இருக்கிறது' என்று விட்டுவிடுகிறார்கள். காலையும் மாலையும்தான் காட்டிக்கொடுக்கும்.

செயற்கைக்கோளிலிருந்தும் வானிலை மாதிரிகளிலிருந்தும் வரும் மணிவாரித் தரவுகளில் மூன்றாவது கடிகாரம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. அது கிரீன்விச் நேரம். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அந்த அரைதான் தொல்லை. கிரீன்விச் 6 முதல் 7 வரையான மணி நமக்கு 11.30 முதல் 12.30 வரை. நம்முடைய எந்த முழு மணியோடும் அது பொருந்துவதில்லை. ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈ.ஆர்.ஏ-5 தரவில் 7 மணி என்று எழுதியிருப்பது 6-இலிருந்து 7 வரை சேர்ந்த தொகை. அதுவும் ஜூல் அலகில், 3600-ஆல் வகுத்தால்தான் வாட் வரும். வேறு சில தரவுகளில் அதே 7 மணி என்பது அந்தக் கணத்தை மட்டும் குறிக்கும். கோப்போடு வரும் விளக்கக் குறிப்பைப் படிக்காமல் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

முற்றிலும் கஷ்டம் என்றும் சொல்ல முடியாது. நவம்பர் 3, பிப்ரவரி 11 என்ற இரட்டை நாட்கள் இங்கே கை கொடுக்கும். மேகமில்லாத கணக்கில் காலை எண்களும் மாலை எண்களும் உச்சிப்பொழுதைச் சுற்றிச் சமமாக அமைய வேண்டும். இரண்டு நாளுக்கும் மணிவாரி எண்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் நடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். இரண்டு நாளிலும் நடு சரியாக 12-இல் விழுந்தால் அது சூரிய நேரம். ஒன்றில் 11.55, மற்றதில் 12.26 என்றால் நம் கடிகார நேரம். 6.25, 6.56 என்றால் கிரீன்விச். இவை எதிலும் சேராமல் எல்லாமே அரை மணி தள்ளி நின்றால், எழுதியிருக்கும் நேரம் மணியின் தொடக்கமா முடிவா என்பதில் கோளாறு. கையேட்டைத் தேடுவதற்கு முன் இந்தச் சோதனையைப் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

வடக்கே நிற்கும் சூரியன்

கையேடுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே மத்தியானச் சூரியன் எப்போதும் தெற்கே. தெற்கு பார்த்த சரிவுக்கு வெயில் அதிகம், வடக்கு பார்த்த சரிவு நிழல். இதை மனப்பாடம் செய்துகொண்டு ஜூன் மாதத்துக்கான சேத்தியாத்தோப்புப் படத்தைப் பார்ப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். வடக்குச் சரிவுகள்தான் அதில் பளிச்சென்று இருக்கும்.

மென்பொருள் தப்புச் செய்யவில்லை. ஊர் இருப்பது வடக்கு அட்சம் 11.4 டிகிரியில். ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒரு நாளும் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டி ஒரு நாளும் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. பள்ளிகளில் கம்பை நட்டு 'நிழலில்லா நாள்' என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது இதைத்தான். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில், நாலு மாதம், மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கிறது. ஜூன் 21-இல் உச்சி உயரம் 78 டிகிரி, வடக்குப் பக்கம். அன்று காலை முதல் மாலை வரை அது தெற்குப் பாதி வானத்துக்குள் வருவதே இல்லை. டிசம்பர் 21-இலோ தெற்கே 55 டிகிரி உயரத்தோடு நின்றுவிடுகிறது.

வீட்டுக்கு வடக்கே தென்னை நிற்கிறது, மாடிக்கு அதனால் பாதகமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. 15 மீட்டர் தென்னையின் நிழல் ஜூன் மத்தியானத்தில் தெற்குப் பக்கமாக 3 மீட்டர் நீளும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளமாக, தென்மேற்காகவும் தென்கிழக்காகவும் மாடி மேல் வந்து விழும். பலகையின் ஓர் ஓரத்தில் நிழல் விழுந்தாலே அந்த வரிசையின் உற்பத்தி சரியும். வருடத் தொகைப் படம் இதைச் சொல்லாது. ஜூன் மாதத்தின் மணிவாரிப் படத்தில்தான் தெரியும், அதுவும் உயர வரைபடத்தில் அந்தத் தென்னை இருந்தால்தான்.

எந்த வானம்?

இந்தக் கருவிகளுக்கு மழை தெரியாது. மேகம் தெரியாது. நிலத்தின் வடிவத்தையும் சூரியனின் கோணத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, நடுவில் இருக்கும் காற்றுக்கு ஒன்றிரண்டு எண்களை நம்மிடம் கேட்கின்றன. ஆர்க்ஜிஐஎஸ் கேட்பது இரண்டு. நேராக மேலிருந்து வரும் கதிரில் எத்தனை பங்கு காற்றைத் தாண்டித் தரையை எட்டுகிறது என்பது ஒன்று. மொத்தத்தில் எத்தனை பங்கு வானமெங்கும் சிதறி வருகிறது என்பது மற்றொன்று. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 0.5, 0.3 என்று அதுவே எடுத்துக்கொள்ளும். ஆர்.சன் கேட்பது காற்று எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் லிங்கே கலங்கல் எண், சொல்லாவிட்டால் 3.

இந்த 0.5 எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு சமதளக் கட்டத்தை எடுத்துப் பார்ப்போம். பிப்ரவரி 11, சேத்தியாத்தோப்பு, நேரடிக் கதிர் மட்டும். சூரிய நேரம் 12 மணிக்குச் சூரியன் 64 டிகிரி உயரத்தில். கடத்தும் பங்கை 0.5 என்று வைத்தால் தரையில் 572 வாட். மிகத் தெளிந்த வானம் என்று 0.7 வைத்தால் 830 வாட். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இப்போது காலை 7.30-க்குப் போவோம். உயரம் 18 டிகிரி, கதிர் மூன்று மடங்குக்கு மேல் தடித்த காற்றைக் கடக்க வேண்டும். 0.5-க்கு 48 வாட், 0.7-க்கு 139 வாட். வித்தியாசம் மூன்று மடங்கு! நாள் முழுக்கக் கூட்டினால் சதுர மீட்டருக்கு 3.3 யூனிட்டும் 5.3 யூனிட்டும்.

ஆகவே தவறான வானத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் எல்லா எண்ணையும் ஒரே காரணியால் பெருக்கிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பது பலிக்காது. மத்தியானத்துக்குச் சரியான காரணி காலைக்குப் போதாது. நாள் மொத்தம் ஒத்துப் போனாலும் மணிகளின் அமைப்பு வேறாக இருக்கும்.

இதெல்லாம் தெளிந்த வானத்துக்கே. கடலூர் மாவட்டத்தின் ஐப்பசி, கார்த்திகை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளாறு நிரம்பி, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் தண்ணீர் பாயும் நாளிலும் மென்பொருள் தெளிந்த வெயிலையே வரைந்து காட்டும். அது தருவது உச்ச வரம்பு. இதற்கு மேல் போகாது என்பது மட்டும்தான் அதன் வாக்குறுதி. மேகமும் எல்லா மணிக்கும் சமமாக வருவதில்லை. மார்கழி, தை மாதங்களில் வயல்வெளியில் காலைப் பனிமூட்டம் முதல் ஒன்றிரண்டு மணி வெயிலைத் தின்றுவிடும். ஆடி, ஆவணியில் மாலை இடிமழை கடைசி மணிகளைக் கெடுக்கும். மேகக் கணக்கை மாதவாரியாக மட்டும் சேர்த்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

இல்லாத மேடுகள்

நாலாவது கேள்வி நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தக் கருவிகளின் பெருமை தெரியும். எந்த மலை எந்தப் பள்ளத்தாக்கை எத்தனை மணிக்கு மறைக்கிறது என்று நுணுக்கமாகச் சொல்லும். சேத்தியாத்தோப்பு அப்படிப்பட்ட ஊர் இல்லை. வீராணம் ஏரி நீரும் வெள்ளாற்று நீரும் பாயும் தட்டையான நஞ்சை. நெல்லும் கரும்புமாக, கண்ணுக்கு எட்டிய வரை சமதளம். அப்படியானால் காலை 7 மணி வெயில் படம் எல்லா இடத்திலும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். வருவதோ அம்மைத் தழும்பு முகம் மாதிரி புள்ளி புள்ளியான படம். ஒரு வயலில் அதிக வெயில், வரப்புக்கு அந்தப் பக்கம் குறைவு.

காரணம் உயர வரைபடத்தில் இருக்கிறது. பலரும் எடுத்துப் பயன்படுத்துவது எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த எஸ்.ஆர்.டி.எம். தரவு. 2000-ஆம் ஆண்டு, அதே பிப்ரவரி 11-இல் கிளம்பி 11 நாளில் அளந்த உலகம் அது. ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர். உயரங்கள் முழு மீட்டரில் எழுதப்பட்டிருக்கின்றன. 7 மீட்டரும் 8 மீட்டரும் பக்கத்துக் கட்டங்களில் வந்தால், நிலத்தில் இல்லாத ஒரு படி அங்கே உருவாகிறது. மென்பொருள் அதைச் சுமார் 1 டிகிரி சரிவாகப் படிக்கும். சூரியன் 10 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, கிழக்கு பார்த்த 1 டிகிரி சரிவுக்கு 10 சதவீதம் அதிக வெயில், மேற்கு பார்த்ததற்கு 10 சதவீதம் குறைவு. ரேடார் தோப்பின் உச்சியைத் தரை என்று எடுத்துக்கொண்டு உயரம் சில மீட்டர் பிசகினால் சரிவு 3 டிகிரி ஆகும், வெயில் 30 சதவீதம் கூடவோ குறையவோ செய்யும். மத்தியானத்திலோ அதே 1 டிகிரி சரிவு ஒரு சதவீதத்துக்கும் குறைவான மாற்றத்தையே தருகிறது. அதனால்தான் 12 மணிப் படம் பளிங்கு மாதிரியும் 7 மணிப் படம் புள்ளிக்கோலமாகவும் வருகின்றன. அந்தத் தரவில் 600 மீட்டருக்கு மேல் நீளமான ஏரிகளை ஒரே மட்டமாகச் சமன் செய்துதான் வெளியிட்டார்கள். ஏரிப் பரப்பில் புள்ளிகள் காணாமல்போய்க் கரையேறியதும் மறுபடி தொடங்கினால், அவை வெயிலால் வந்தவை அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

டெல்டா சமவெளிக்கு நல்ல வழி எளிய வழிதான். தரையைச் சமதளம் என்று வைத்தே கணக்குப் போடலாம். சரிவு வேண்டும் என்றால் உயரத் தரவை முதலில் மிருதுவாக்க வேண்டும். மாடி, மரம், கட்டட நிழல் தெரிய வேண்டும் என்றால் ட்ரோன் வைத்து அளந்த மேற்பரப்பு இல்லாமல் முடியாது. 30 மீட்டர் கட்டத்துக்குள் ஒரு தெருவே அடங்கிவிடும்.

பக்கத்திலேயே இதற்கு நேர் எதிரான நிலமும் இருக்கிறது. நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கங்கள். பழுப்பு நிலக்கரிக்காக ஆழமாகத் தோண்டிய பள்ளங்களும், தோண்டிய மண்ணைக் கொட்டி எழுந்த மேடுகளும் உண்மையான சரிவுகள். அங்கே காலை நிழல் கற்பனை இல்லை. ஆனால் சுரங்கம் நகர்ந்துகொண்டே போகிறது. 2000-இல் வயலாக இருந்த இடம் இன்று பள்ளமாக இருக்கலாம், அன்றைய பள்ளம் மண் மூடி மேடாகியிருக்கலாம். பழைய உயரத் தரவை வைத்து இன்றைய வெயிலைக் கணக்கிட்டால், துல்லியமாகக் கணக்கிட்ட தவறான விடைதான் கிடைக்கும். நிலக்கரி நிறுவனமே இப்போது சூரிய மின் நிலையங்களும் நடத்துகிறது. இப்படிப்பட்ட இடத்துக்குப் புதிதாக அளந்த தரை வேண்டும்.

அளந்தவர்கள்

கணக்கை அளவோடு ஒப்பிட்டால்தான் நம்பிக்கை வரும். இந்தியாவில் வெயிலை முறையாக அளக்கும் வலை பின்னப்பட்டது 1957-இல், சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி. அதற்கான கருவிகளை இங்கேயே தரப்படுத்தி, நாடு முழுக்க நிலையங்கள் அமையக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர் அன்னா மாணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனிடம் ஆய்வு செய்து, பிறகு இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தவர். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளுக்கான கையேட்டை அவர் 1980-இல் வெளியிட்டார். 2011-இல் சென்னையில் இருக்கும் காற்றாலை ஆராய்ச்சி நிறுவனம், சூரிய மின்சாரத்துக்காகவே நாடு முழுக்க 51 நிலையங்களை முதல் கட்டமாக அமைத்தது. தமிழ்நாட்டிலும் அவற்றில் சில உண்டு.

அளந்த மணிவாரி எண்ணை மென்பொருளின் தெளிந்த வான எண்ணால் வகுத்துப் பார்க்கலாம். மாதத்துக்கு மாதம், மணிக்கு மணி ஒரு விகிதம் கிடைக்கும். மாசியில் அது ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கும், கார்த்திகையில் சரியும். அந்த விகிதத்தை நம் ஊர்க் கணக்கில் பெருக்கினால் உச்ச வரம்பு எதிர்பார்ப்பாக மாறும். நம் ஊரில் நிலையம் இல்லையென்றால் பக்கத்து நிலையமோ செயற்கைக்கோள் தரவோ போதும். தட்டையான கடலோரச் சமவெளியில் சில பத்து கிலோமீட்டர் தூரத்தில் மாதச் சராசரி பெரிதாக மாறிவிடாது. ஒரே நாளின் ஒரே மணியைத்தான் அப்படி நம்பக் கூடாது.

பயன் எங்கே?

இவ்வளவு சிரமப்பட்டு மணிவாரி எண் எதற்கு, நாள் தொகை போதாதா? எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. கூரையில் சோலார் வைத்து மின்வாரியக் கம்பியோடு இணைத்துவிட்டால், கடைசியில் யூனிட் கணக்குதான் முக்கியம். அதற்கு நாள் தொகை போதும். மின்கலம் இல்லாத சோலார் பம்புசெட்டுக்குப் போதாது. ஒரு குறிப்பிட்ட அளவு வெயில் வந்தால்தான் மோட்டார் தண்ணீரை மேலே தள்ளும். அதற்குக் கீழே எத்தனை மணி வெயில் அடித்தாலும் வாய்க்காலுக்கு ஒரு சொட்டு வராது. இங்கே மணிவாரி எண் இல்லாமல் முடிவெடுக்க முடியாது.

நெல் காயவைப்பதும் அப்படித்தான். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. களத்தில் நெல்லை எப்போது விரிப்பது, எப்போது குவிப்பது? பிப்ரவரி 11-க்கான மேற்படிக் கணக்கில், சூரிய நேரம் 9 முதல் 3 வரையான ஆறு மணி நேரத்தில் நாளின் நேரடி வெயிலில் ஐந்தில் நாலு பங்கு விழுந்துவிடுகிறது. நம் கடிகாரத்தில் அது 9.26 முதல் 3.26 வரை. நவம்பர் தொடக்கத்தில் அதே ஆறு மணி நேரம் 8.55 முதல் 2.55 வரை. தையில் நாலு மணிக்கு முன்னால் நெல்லைக் குவித்தால் அதிக நஷ்டம் இல்லை. ஐப்பசியில் மூன்றுக்கு மேல் காத்திருப்பதில் அதிக லாபம் இல்லை.

சோலார் பலகைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. வெயில் எண் அதிகமான மணியில்தான் பலகையும் சூடாகிறது. வழக்கமான சிலிக்கான் பலகையின் திறன் 25 டிகிரி செல்சியஸில் குறிக்கப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். சித்திரை மத்தியானத்தில் பலகை 60 டிகிரிக்குப் போனால் 14 சதவீதம் போய்விடும். வெயில் வரைபடத்தை அப்படியே மின்சார வரைபடமாகப் படிக்க முடியாது.

மணிவாரிப் படம் ஒன்று கைக்கு வந்தால் அதன் ஓரத்தில் நாலு வரி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அலகு, இடைவெளியின் நீளத்தோடு. கடிகாரம், தொடக்கமா முடிவா என்பதோடு. வானத்துக்குக் கொடுத்த எண்கள். நிலத்தை அளந்த ஆண்டு. இந்த நாலும் இருந்தால் அடுத்தவர் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம், தப்பிருந்தால் திருத்தலாம். இல்லையென்றால் 415 என்ற எண்ணைப் பார்த்து ஒருவர் பம்புசெட்டு வாங்குவார், இன்னொருவர் வேண்டாம் என்று விடுவார். இருவருமே படத்தைச் சரியாகப் பார்த்ததாகத்தான் சொல்வார்கள்.